பட்டர்வொர்த்தில் டீசல் ஊறிய களிமண்: அடி மண்ணில் மாற்றமே இல்லை

வணக்கம். பட்டர்வொர்த்தில் அப்பாவின் லோரி பட்டறைக்குப் பின்னால் உள்ள நிலத்தில் பல வருடமாக டீசலும் கழிவு எண்ணெயும் இறங்கியிருக்கின்றன. பழைய தொட்டியை எடுத்தாகிவிட்டது, புதுக் கசிவு இல்லை. ஆனாலும் புல்கூட முளைப்பதில்லை. ஒரு சாண் தோண்டினால் கறுத்த களிமண். உருட்டிப் பார்த்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, டீசல் வாடை மூக்கில் ஏறுகிறது. மழை பெய்தால் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. பக்கத்திலேயே கால்வாய், அதுதான் பெரிய கவலை.

மண்ணில் இயல்பாகவே உள்ள சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு ஊட்டம் கொடுத்தால் எண்ணெயைச் சிதைத்துவிடும் என்று படித்து, பிப்ரவரியில் தொடங்கினேன். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 கணக்கில் யூரியாவும் பாஸ்பேட் உரமும் கலந்து, வாராவாரம் கிளறினேன். அப்புறம் கடையில் விற்கும் பாக்டீரியா பொடியும் போட்டேன். மண்ணின் அமில-காரத் தன்மை (பிஎச்) 6.5, சரியாகத்தான் இருக்கிறது. மேல் மண்ணில் வாடை நன்றாகக் குறைந்துவிட்டது, அடியில் அப்படியே. தண்ணீர் தேங்கி, பாக்டீரியாவுக்குத் தேவையான ஆக்சிஜன் கீழே இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.

மண்ணைத் தோண்டி, கனமான தார்ப்பாய்மேல் உமி கலந்து குவித்து, துளையிட்ட குழாய் வழியே காற்று விட்டால் இந்தக் களிமண்ணுக்குச் சரிப்பட்டு வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.