தியான மடத்துச் சிஸ்டர்மாரோடு உங்கள் அனுபவம் என்ன?

இளவாலையிலிருந்து:

சின்னம்மா தியான மடத்தில், வெளி ஊழியத்துக்குப் போகாமல் உள்ளிருந்தே செபிக்கிற கன்னியர் மடத்தில், சேர்ந்தது 1998இல். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. மகள் கன்னியாஸ்திரியாகப் போவதில் அவவுக்கு மறுப்பில்லை. ஆனால் திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்த நாளிலிருந்து, சிஸ்டர் என்றால் பள்ளிக்கூடம், விடுதி, பிள்ளைகள் என்றுதானே எங்கள் சனத்துக்குப் பழக்கம். "படிப்பிக்கிற சபையில சேர்ந்திருந்தா நாலு பிள்ளையளுக்குப் பிரயோசனமா இருந்திருக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருந்து என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டா. சின்னம்மா பதில் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து, மடத்து முன்னறையில் இருந்து நான் நேரடியாகவே கேட்டேன். இறை அழைத்தல் என்கிறார்களே, அது எப்படி வரும்? ஏதாவது குரல் கேட்குமா? சின்னம்மா கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை.

அப்புறம் 1995 ஒக்டோபரில் சண்டையால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்ததைச் சொன்னா. மழையில் தென்மராட்சிக்கு நடந்து போய், ஒரு கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறார்கள். குழந்தைகளின் அழுகை, ஈரப் பாய், எங்கோ ஷெல் சத்தம். மூலையில் ஒரு வயதான மனுசி தூணில் சாய்ந்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறா. "ஒராள் முழிச்சிருக்கிறா எண்டு தெரிஞ்சுதான் பிள்ளை நான் அண்டைக்கு நித்திரை கொண்டனான். பிறகு எங்க போனாலும் அந்த மனுசிதான் நினைவில. நானும் அப்பிடி முழிச்சிருக்க வேணும் எண்டு பட்டுது. அவ்வளவுதான்."

இதைவிடத் தெளிவாக அழைத்தலைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

2009இல் மாமா வன்னியில் காணாமல் போனார். சின்னம்மாவின் சொந்த அண்ணன். அம்மம்மா ஒரு கொப்பித் தாளில் அவருடைய பெயரை எழுதி, நான்காக மடித்து, மடத்துக்குக் கொண்டுபோனா. கூடவே நானும் போனேன். அந்த அறையில் ஒரு மரப்பெட்டி இருக்கும், வருகிறவர்கள் தங்கள் மன்றாட்டுகளை எழுதிப் போட. அன்றைக்கு அது மூட முடியாமல் நிறைந்திருந்தது. எல்லாம் பெயர்கள். சிலதில் வயதும் எழுதியிருந்தது. அம்மம்மா தாளைப் பெட்டியில் போடாமல் சின்னம்மாவின் கையிலேயே கொடுத்து, "உன்ர அண்ணாவுக்கு மட்டும் தனியாச் செபி" என்றா. சின்னம்மா அழுதா. பிறகு, "தனியா ஏலாதம்மா. எல்லாப் பேரோடயும் சேர்த்துத்தான் சொல்லுவன்" என்று சொல்லி, தானே பெட்டிக்குள் போட்டா.

அம்மம்மா கோபிக்கவில்லை. சாகும்வரை மாதம் ஒருமுறை அங்கே போய் வந்தா. என்ன பிரயோசனம் என்று பிறகு கேட்டதேயில்லை.

வசாவிளானிலிருந்து:

எங்கள் ஊர்க்காரருக்குத் தியான வாழ்வு புதிதில்லை. கத்தோலிக்கத் துறவிகளின் தோலகட்டி ஆச்சிரமத்தை வெளியாட்கள் முந்திரிகை வைனுக்கும் நெல்லிரசத்துக்கும்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம். தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியது செபத்துக்கும் மௌனத்துக்கும் தவத்துக்கும். தோட்டமும் போத்தலும் வயிற்றுப்பாட்டுக்கு. பின்னர் பெண்களுக்கும் அதே வழியில் ஒரு சபை வந்தது. 90இல் ஊரே இடம்பெயர்ந்தபோது ஆச்சிரமமும் எழும்ப வேண்டியதாயிற்று.

ஒருமுறை ஒரு சிஸ்டர் பாத்தியில் புல் பிடுங்குவதைப் பார்த்தேன். கை வேலையில், உதடு செபத்தில். "சிஸ்டர்" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து சிரித்தா. ஆனால் செபமாலையின் அந்த மணியைச் சொல்லி முடித்த பிறகுதான் "சொல்லுங்கோ" என்றா.

குருநகரிலிருந்து:

மேலே எழுதிய இருவரும் உறவினராகவும் ஊரவராகவும் எழுதினீர்கள். நான் தாய். மகள் தியான மடத்துக்குப் போய் ஒரு வருடமும் ஆகவில்லை. அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையை இன்னும் அலுமாரிக்குள் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

இளம் பிள்ளை, அவசரத்தில் எடுத்த முடிவு என்று பயந்தேன். பங்குத்தந்தைதான் விளங்கப்படுத்தினார். 2018இல் வத்திக்கான் வெளியிட்ட 'கோர் ஓரான்ஸ்' ஒழுங்கின்படி, இப்படியான மடங்களில் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது சாகும்வரை துறவியாக இருப்பேன் என்று கொடுக்கும் வாக்குக்கு, முன் குறைந்தது 9 வருடப் பயிற்சி வேண்டும். அதற்குள் அவளும் யோசிக்கலாம், மடமும் யோசிக்கலாம். சிறுமலர் தெரேசம்மாளையும் சொன்னார். 15 வயதில் மடத்துக்குள் போய், வெளியே ஊழியத்துக்கு வராமலே 24 வயதில் இறந்தவ. 1927இல் பாப்பரசர் அவவைத்தான் மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலியாக்கினார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன முறை பார்க்கப் போனபோது பலகாரம் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு, "அம்மா, அடுத்தமுறை வரேக்க எங்கட ஒழுங்கையில ஆருக்கு என்ன கஷ்டம் எண்டு வீடு வீடாக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒழுங்கையில் இரண்டு வீட்டோடு எங்களுக்குக் கதை பேச்சு இல்லை, காணிப் பிரச்சினை. நேற்றுப் பின்னேரம் முதல் வீட்டுப் படலையைத் தட்டினேன்.