மையக்கோணம் தராமல் வட்டக்கோணப் பகுதியின் பரப்பு காண முடியுமா?

கேள்வி: ஆரம் (r) 21 செ.மீ, வட்டக்கோணப் பகுதியின் (இரண்டு ஆரங்களும் அவற்றுக்கு இடையிலான வட்ட வில்லும் அடைக்கும் துண்டு) சுற்றளவு 86 செ.மீ. மையக்கோணமும் (θ) பரப்பும் வேண்டும். கோணமே தெரியாதபோது θ/360 × πr² சூத்திரத்தில் எதைப் போடுவது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1: முதலில் வில்லின் நீளத்தைப் பிடிங்க. சுற்றளவு என்பது வில் மட்டும் இல்லை, இரண்டு ஆரங்களும் அதில் சேரும், நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். 86 − 42 = 44 செ.மீ. முழு வட்டத்தின் சுற்றளவு 2 × 22/7 × 21 = 132. அதில் 44 என்பது மூன்றில் ஒரு பங்கு, அப்போ கோணம் 120°.

பதில் 2: பரப்புக்குக் கோணமே தேவையில்லை. வில் நீளம் l என்றால் பரப்பு lr/2, அதாவது 44 × 21 / 2 = 462 ச.செ.மீ. வட்டக்கோணப் பகுதியை மையத்திலிருந்து மிக மெல்லிய துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய r உயரமுள்ள முக்கோணம், அடிப்பக்கங்கள் எல்லாம் சேர்ந்தால் l. இந்த அழகான விஷயத்தை மனப்பாடம் செய்யாமல் ஒரு தடவை வரைந்து பாருங்க.

கேட்டவர்: சரி, புரிந்தது! ஆனால் 3.14 போட்டால் 120.1° வருகிறதே?

பதில் 2: 22/7, 3.14 இரண்டுமே π-இன் தோராய மதிப்புதான். சரியான கோணம் 44/21 ரேடியன் (வில் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் வரும் கோண அளவு), சுமார் 120.05°. 462-இல் π வரவே இல்லை, அதனால் அது மாறாது.