கீர்த்தனையை யூடியூபில் ஏற்றினால் காப்பிரைட் வருமா?

கேள்வி: மகள் பாடிய தியாகராஜர் கீர்த்தனை, பாபநாசம் சிவன் பாட்டு ஒன்று, 1963-ல் வெளிவந்த இசைத்தட்டில் இருக்கும் ஒரு ஆலாபனை. மூன்றையும் யூடியூபில் போடலாமா?

பதில் 1: பாட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. இதைக் குழப்பித்தான் பலரும் மாட்டுகிறார்கள். இந்தியாவில் பாட்டுக்கு, இயற்றியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். தியாகராஜர் மறைந்தது 1847, தாராளமாகப் போடுங்கள். சிவன் 1973, ஆகவே 2033 டிசம்பர் வரை அனுமதி வேண்டும். பின்னணிக்குக் கரோக்கி டிராக் போட்டிருந்தால் அதற்கும் கேட்க வேண்டும். சுருதிப்பெட்டி மட்டும் என்றால் வம்பே இல்லை.

பதில் 2: ஒலிப்பதிவுக்கும் 60 வருடம்தான், வெளியான ஆண்டை வைத்து. 1963 தட்டுக்கு 2023-ஓடு இங்கே முடிந்தது. அமெரிக்கச் சட்டத்திலோ அந்தக் காலத்துப் பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை உரிமை உண்டு. அங்கே மட்டும் வீடியோ முடக்கப்படலாம்.

பதில் 3: மகள் பாடியதற்கே கன்டென்ட் ஐடி (ஒலியைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் இயந்திரம்) வழியாக க்ளெய்ம், அதாவது வேறொருவரின் உரிமைக் கோரல், வரலாம். அதே ராகம், அதே சாகித்யம், இயந்திரம் ஏமாந்துவிடும். க்ளெய்ம் வேறு, சேனல் மீது விழும் எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு, பதற வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் காப்பிரைட் விவரத்தைத் திறந்து மறுப்பு அனுப்புங்கள். இயற்றியவர் மறைந்த ஆண்டு, பாடியவர் யார் என்று இரண்டே வரி போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் க்ளெய்ம் நீங்கிவிடும். சிவன் பாட்டுக்கு இப்படி மறுக்காதீர்கள். உரிமையாளர்கள் வீடியோவையே நீக்கச் சொன்னால் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.

விவரக்குறிப்பில் ‘உரிமை மீறும் நோக்கமில்லை’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.