சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போறோம், சாப்பாட்டுச் செலவுக்கு வழி சொல்லுங்க

அக்கா, அண்ணன்மாரே, ஜூன் லீவுக்கு மதுரையிலிருந்து மாமனார் மாமியார் வர்றாங்க. பிள்ளைகளோட ஆறு பேரா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கற செந்தோசா தீவுக்குப் போறோம். டிக்கெட்டே பர்ஸைக் காலி பண்ணிடும், இதுல உள்ளேயே சாப்பிட்டா கட்டுப்படியாகாது.

காலைல வீட்லயே இட்லி. ராத்திரிக்கு ஹார்பர்ஃபிரண்ட் பக்கத்துல சியா இம் உணவங்காடி இருக்கு. மதியம்தான் தலைவலி. வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள்ள விடமாட்டாங்க. மாமியார் சுத்த சைவம், நாள் முழுக்க உருளைக்கிழங்கு ஃபிரைஸா கொடுக்க முடியும்?

தீவுக்கு வெளிய இருக்கற விவோசிட்டி மாலுக்கு வந்து சாப்பிட்டுத் திரும்பலாம்னா, செந்தோசா மோனோரயில்ல வெளிய வர காசில்ல, மறுபடி உள்ள போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தீவுக்குப் போற போர்ட்வாக் நடைபாதைல நடந்தா இலவசம், ஆனா உச்சி வெயில்ல மாமனார் முழங்கால் தாங்காது.

புளியோதரையை நல்லெண்ணெய் தாராளமா விட்டுக் கிளறி, வாசல் லாக்கர்ல வச்சிட்டு, மதியம் வெளிய வந்து சாப்பிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. யாராவது இப்படிச் செஞ்சிருக்கீங்களா? நிழலா உட்கார எங்க இடம் இருக்கு? திரும்ப உள்ள போக என்ன காட்டணும்? உள்ளேயே சைவம் நியாயமான விலைக்குக் கிடைச்சா அதையும் சொல்லுங்க.