மறுமொழி: மேக்னம் தோட்டா – கச்சையா, அரைஞாணா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கிச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடி மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. மேக்னம் தோட்டாவுக்கு, அதாவது வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து பிடிக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கு, ‘பெருந்தோட்டா’ என்று ஒருவரும் ‘மீவிசைத் தோட்டா’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். பழைய மேக்னங்களின் அடியில் ஓடும் வளையத்துக்கு (ஆங்கிலத்தில் பெல்ட்) ‘கச்சை’ என்ற சொல்லும் வந்தது. ‘வேட்டை 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோனது. 1912இல் வந்த .375 மேக்னம் போன்ற தோட்டாவுக்கு இப்போது பெயர் எதற்கு?’ என்று ஈரோட்டு நண்பர் கேட்டிருந்தார். நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பித்தளை கடைந்து பிழைக்கிற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ‘தோட்டா பாய்ந்தது’ என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். பாய்வது குண்டு. பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, குண்டு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. இந்தப் பிரிவு மனதில் நின்றால்தான் மேக்னத்துக்குப் பெயர் வைக்க முடியும். ஹாலந்து அண்ட் ஹாலந்து என்ற லண்டன் துப்பாக்கி நிறுவனம் 1925இல் கொண்டுவந்த .300 மேக்னத்தின் குண்டும், மேக்னம் அல்லாத சாதாரண முப்பது-நாட்-ஆறு (.30-06) தோட்டாவின் குண்டும் ஒரே தடிமன்தான், 7.8 மில்லிமீட்டர். கூட்டுக்குள் இருக்கும் இடத்தில்தான் வேறுபாடு. மேக்னத்தில் ஏறக்குறைய கால்வாசி மருந்து கூடுதலாகப் பிடிக்கும். ‘பெருந்தோட்டா’ என்றால் குண்டு பெரிதென்றுதான் படிப்பவர் நினைப்பார். மேக்னம் என்ற சொல்லே ஒன்றரை லிட்டர் பிடிக்கும் பெரிய மதுப்புட்டியின் பெயரிலிருந்து வந்தது. மது அதேதான், புட்டிதான் பெரிது.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போடுகிறவர், சத்தம் அதிகமாகிவிட்டால் ‘மருந்து தூக்கலாப் போச்சுங்க’ என்பார். அவருக்கு எல்லாம் மருந்துக் கணக்குதான், விசையைப் பற்றி அவர் பேசுவதில்லை. அதனால் என் முதல் முன்மொழிவு ‘பெருமருந்துத் தோட்டா’. ‘மிகைமருந்து’ என்றும் யோசித்தேன். மருத்துவர்கள் அதை அளவுமீறி உட்கொண்ட மருந்து என்று படித்துவிடுவார்கள், வேண்டாம். ‘மீவிசை’யும் சரியாக வராது. விசை என்பது விளைவு. மேக்னம் என்ற பெயரே இல்லாத பழைய யானைத் தோட்டாக்களுக்கும் விசை ஏராளமாக உண்டு. ‘.375 மேக்னம்’ என்று ஒரு தோட்டாவின் பெயராக வரும்போது மட்டும் மேக்னம் என்றே விட்டுவிடலாம்.

இனி கச்சைக்கு வருகிறேன்.

வால்பாறை எஸ்டேட்டில் லாரி ஓட்டிய என் அப்புச்சி ஒரு வெற்றுக்கூடு கொண்டுவந்திருந்தார். அம்மாயி அதன் வாயில் மரக்கட்டை அடைத்து ஊசி போட்டு வைத்திருந்தார். ‘ஊசிக்கூடு எங்கடா’ என்று கேட்டே எங்களுக்குக் கூடு என்ற சொல் பழகியது. அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அடித்தட்டில் 375 என்ற எண் மட்டும் தேயாமல் நிற்கிறது. வெர்னியர் வைத்தால் நீளம் 72 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடியில் ஓடும் வளையம் 13.5, அதற்கு மேல் உடம்பு 13. ஆக அந்த வளையம் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் துருத்திக்கொண்டிருக்கிறது. கூடு கழுத்துக்கு வளையும் இடமான தோள்பட்டை வரும்போது உடம்பு 11.4க்கு ஒடுங்கிவிடுகிறது. மேசையில் படுக்கப்போட்டு உருட்டினால் நேராகப் போகாது, வட்டமடித்துத் திரும்பி வரும். அவ்வளவு டேப்பர், அதாவது கூம்புச் சரிவு.

ஏன் இப்படி? அந்தக் கூடு கார்டைட் காலத்துப் பொருள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனால் வெலிங்டனை அடுத்து அரவங்காடு வருமே, அங்கே இருக்கிற கார்டைட் ஆலையை நம்மில் பலர் சன்னல் வழியாகப் பார்த்திருப்போம். கார்டைட் என்பது சந்தகை பிழிவதுபோல அச்சில் பிழிந்தெடுத்த வெடிமருந்து இழை. இழையிழையாகக் கட்டி உள்ளே நிறுத்த நீளமான கூடு தோதாக இருந்தது. வெயில் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் சுடுபவருக்கு, சுட்ட கூடு, குழாயின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையில் கவ்விக்கொள்ளாமல் வெளியே வரவேண்டும். கூம்பான கூடு ஒரு நூல் பின்னால் நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடும். லேத்தில் டேப்பர் ஷாங்க் கழற்றியவர்களுக்கு இது கையிலேயே தெரியும்.

ஆனால் கூம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பும் சரிவு, தோளும் சரிவு என்றால் கூடு அறைக்குள் எந்த இடத்தில் போய் நிற்கும்? அதற்காகத்தான் அந்த வளையம். கூடு அதில் முட்டி நிற்கிறது. வலுவுக்காகப் போட்ட வளையம் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. ‘கச்சை’ என்ற சொல் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். கச்சை என்றால் இறுக்கிக் கட்டுவது, வலுச் சேர்ப்பது. பெயரே தவறான பாடம் சொல்லிவிடும். அரைஞாண் இறுக்காது. மெல்லிய கயிறுதான், ஆனால் கோவணம் நிற்பது அதில்தான். நம் பக்கம் அரணாக்கயிறு என்போம். எழுத்துக்கு ‘அரைஞாண் தோட்டா’ நன்றாகவே நிற்கும்.

இதைக் கொண்டு இன்னொரு சொல்லும் தானாக அமைகிறது. கூடு எதில் முட்டி நிற்கிறதோ அதை ‘தாங்கல்’ என்போம். அரைஞாணில் நிற்கும் பழைய கூடு அரைஞாண்தாங்கி, தோளில் நிற்கும் புதிய கூடு தோள்தாங்கி. ‘தாங்கி என்றால் பேரிங் ஆயிற்றே’ என்று திருப்பூர் நண்பர் முன்பொருமுறை வேறொரு சொல்லுக்கு மறுப்புச் சொன்னார். சுமைதாங்கி, இடிதாங்கி என்று முன்னால் ஒரு சொல் நிற்கும்போது யாருக்கும் பேரிங் நினைவுக்கு வருவதில்லை.

சரி, அரைஞாண் உள்ள பழையதா, தோளில் நிற்கும் புதியதா, எது நல்லது என்ற கேள்வி. 2007இல் வந்த .375 ரூகர் என்ற தோட்டாவைப் பாருங்கள். அரைஞாணே கிடையாது. பழையதன் வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில் உடம்பு முழுவதும் ஏறக்குறைய நேராக எழுகிறது. நீளம் 65.5 மில்லிமீட்டர்தான், ஆனாலும் பழையதைவிடச் சற்று வேகமாகவே குண்டைத் தள்ளுகிறது. 2018இன் .300 பிஆர்சி என்ற தோட்டா 30 பாகைத் தோள் கொண்டது. பழைய .300இன் தோள் எட்டரைப் பாகை. செங்குத்தான தோளில் கூடு அசையாமல் நடுவில் உட்காரும், நீளமான குண்டும் வைக்கலாம். தொலைவில் குறி வைப்பவருக்குப் புதியதுதான் நல்லது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. 1963இன் .300 வின்செஸ்டர் மேக்னம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தோளிலேயே தாங்கக்கூடிய வடிவம் இருந்தும் அரைஞாணை விடவில்லை. மேக்னம் என்றால் அரைஞாண் இருக்கவேண்டும் என்று வாங்குபவர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள்.

இருந்தும் பழையதன்மேல் ஆட்களுக்கு ஏன் இந்தப் பிரியம்? தூரமும் அதற்கு எட்டாததில்லை, 1935இல் அமெரிக்காவில் விம்பிள்டன் கோப்பை என்ற ஆயிரம் கஜப் போட்டியை வென்றது பழைய .300தான். ஆனால் பிரியத்துக்குக் காரணம் அந்தச் சரிவு என்றே நினைக்கிறேன். முனை ஒல்லி, அடி பருமன். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் தள்ளினால் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு அறைக்குள் போய் உட்காரும். எதிரே காட்டெருமை நிற்கும்போது அடுத்த தோட்டா சிக்காமல் ஏறுவதுதான் உயிர். 19 கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 770 மீட்டர் வேகம் என்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். கூடு நீளம் என்பதால் போல்ட்டும் நீளமாக வேண்டும், துப்பாக்கி கனக்கும். தெரிந்தேதான் அந்தக் கனத்தைச் சுமந்தார்கள். ஒரு வேலைக்காக ஒரு பொருள் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டிருந்தால், வேலை ஓய்ந்த பிறகும் அதற்குத் தமிழில் சரியான பெயர் இருக்கவேண்டும். ஈரோட்டு நண்பருக்கு என் பதில் இதுதான்.

அகராதிக் கோப்பில் பெருமருந்துத் தோட்டா, அரைஞாண் தோட்டா, தாங்கல், தோள்தாங்கி நான்கையும் சேர்த்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.

ஒன்று மட்டும் பாக்கி. அரைஞாணுக்குக் கீழே, கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி பிடிப்பதற்கு ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. பட்டறையில் நாங்கள் குரூவ் என்றுதான் சொல்கிறோம். தச்சர்கள் மரத்தில் எடுக்கும் பள்ளத்தைக் ‘காடி’ என்பார்கள். வட்டமாகச் சுற்றி வருவதற்கும் அதே சொல்தானா, வேறு ஏதாவது உண்டா? பொள்ளாச்சிப் பக்கம் வண்டிச் சக்கரம் செய்கிற தச்சரைத் தெரிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவைக் காலியாகவே விட்டுவைக்கிறேன்.