மோட்டார்ஹோம் முன் கண்ணாடி: உள்ளே ஃபாயில் வைத்தும் சூடு தாங்கவில்லை

பாலைவழி (கேள்வி)

வண்டி 34 அடி கிளாஸ் ஏ, அதாவது பஸ் வடிவில் உள்ளேயே வீடுள்ள மோட்டார்ஹோம்; ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ். கூரையில் 13,500 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி இரண்டு. ஜூன் கடைசியில் அரிசோனாவில் லேக் ஹவாசுவில் ஒரு வாரம் நிறுத்தப் போகிறோம். அங்கே பகலில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுவது சாதாரணம்.

முன் கண்ணாடிக்கு உள்பக்கம் பபிள் ஃபாயிலை (காற்றுக் குமிழித் தாளின் மேல் பளபளப்புப் பூச்சு உள்ளது) வெட்டி, சக்ஷன் கப் போட்டு ஒட்டியிருக்கிறேன். மதியத்துக்குள் கப் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. ஃபாயில் இருக்கும்போதும் டாஷ்போர்டு பக்கம் அனல் அடிக்கிறது. பக்கத்து ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி. அவற்றுக்கும் இதே ஃபாயிலை ஒட்டலாமா? வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது நல்லது?

தறிக்காரன்

முதலில் இரட்டைக் கண்ணாடி. அதில் ஃபாயிலை ஒட்ட வேண்டாம். திருப்பி அனுப்பப்படும் வெயில் அதே கண்ணாடிக்குள் இன்னொரு முறை போகிறது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே அடைபட்ட காற்று சூடேறி விரிந்து, ஓரத்து சீலைத் தள்ளுகிறது. சீல் விட்டுவிட்டால் உள்ளே ஈரம் புகும்; பிறகு கண்ணாடியின் நடுவில் பால் தெளித்தது போல மூட்டம் படியும், துடைத்தால் போகாது. அக்ரிலிக் ஜன்னல் என்றால் வளைந்துவிடும், மயிரிழை விரிசல்களும் வரும்.

இனி முன் கண்ணாடி. 8 அடிக்கு 4 அடி என்று வைத்தால் ஏறத்தாழ 3 சதுர மீட்டர். காலை அல்லது மாலை வெயில் நேராக விழும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 750 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தாலே 1,500 வாட். கடையில் விற்கும் ரூம் ஹீட்டரை முழு வேகத்தில் டாஷ்போர்டு மேல் வைத்தது போலத்தான். ஏசி கணக்கில் சொன்னால் சுமார் 5,000 பி.டி.யு., அதாவது உங்கள் ஒரு ஏசியின் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். ஆனால் அந்த வெயிலில் சூடான பொருள் வெளியிடும் வெப்பக் கதிரை வெளியே விடாது. அதனால் உள்ளே போடும் எந்தத் திரையும், சூடு வீட்டுக்குள் வந்த பிறகு செய்யும் வைத்தியம். பளபளப்பான ஃபாயில் கறுப்புத் திரையைவிட மேல், ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மீதி கண்ணாடியிலும் ஃபாயிலிலும் இரண்டுக்கும் இடையிலுள்ள காற்றிலும் தங்கி, மேல் இடுக்கு வழியாக உள்ளே கொட்டும். நீங்கள் சொல்லும் அனல் அதுதான். ஊரில் வராந்தாவுக்கு வெளியே தட்டி கட்டுவதன் கணக்கும் இதே: வெயிலைக் கண்ணாடிக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

தேவை, பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் வலைத்துணி. சன்டெக்ஸ், டெக்ஸ்டிலீன் என்ற பெயர்களில் 80, 90 என்று எண் போட்டு வரும். அது எத்தனை விழுக்காடு வெயிலைத் தடுக்கும் என்பதைக் குறிப்பது. முன் கண்ணாடிக்கு 90 எடுங்கள். பகலில் உள்ளிருந்து வெளியே நன்றாகத் தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. இரவில் விளக்கு போட்டால் தலைகீழ், ஆகவே உள்திரையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். துணியும் சூடாகத்தான் செய்யும், ஆனால் அந்தச் சூட்டைக் காற்று வெளியிலேயே கொண்டுபோய்விடும்.

அளவு எடுக்கும்போது கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு வெளியே நாற்புறமும் 2 இன்ச் கூடுதலாக வரட்டும். துணியைப் பிடிக்கும் பிரஸ் பட்டனின் குமிழ் வண்டியின் ஃபைபர் கிளாஸ் உடம்பில் உட்கார வேண்டும், ரப்பரில் அல்ல. ஓரத்துக்கு 1 இன்ச் மடிப்பு. பட்டன்களுக்கு இடைவெளி 12 முதல் 15 இன்ச். சுற்றளவுக்கு இருபத்திரண்டு, இருபத்து நான்கு பட்டன் பிடிக்கும். நூல் கட்டாயம் வெயில் தாங்கும் பாலியஸ்டர். வீட்டு மெஷின் என்றால் வி-69 தடிமன் நூலும் 16-ஆம் எண் ஊசியும் போதும். பருத்தி நூலில் தைத்தால் துணி நன்றாக இருக்கும்போதே தையல் இற்றுப்போகும்.

குமிழ் பதிக்கும் இடத்தில்தான் பலர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, குறி போட்டு, ஜெல்கோட் (ஃபைபர் கிளாஸின் பளபளப்பான மேல்பூச்சு) தாண்டும் வரை டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிடுங்கள்; பிறகு முன்னோக்கி. துளையின் வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் (கூம்பு முனை பிட்) லேசாகச் சரித்துவிட்டால் திருகு ஏறும்போது ஜெல்கோட் நட்சத்திரம் போல வெடிக்காது. துளையில் ஒரு சொட்டு சீலன்ட். திருகு துருப்பிடிக்காத ஸ்டீல், அரை இன்ச் நீளம் போதும். கண்ணாடிக்கு மேலே கிளியரன்ஸ் விளக்குகளின் (வண்டியின் உச்சியில் எரியும் சிறு விளக்குகள்) வயர் ஓடும். நீளத் திருகு அதில் குத்திவிடும்.

இன்னொன்று, இந்தத் துணி குளிரில் சுருங்கும். நண்பகல் சூட்டில் இழுத்துப் பிடித்துக் குறி போட்டால் மறுநாள் விடிகாலையில் கடைசி இரண்டு பட்டன் எட்டவே எட்டாது. மிதமான வெப்பத்தில், கையால் நீவி நிற்கும் அளவு தளர்வோடு குறியுங்கள். வைப்பர் கைகளின் முனை துணியை அறுக்கும். அதற்கு நீச்சல்குளத்தில் மிதக்கும் ஃபோம் குழாயை நான்கு இன்ச் துண்டாக வெட்டி மாட்டிவிடலாம்.

தென்திசை

திசையைப் பற்றி. "தெற்கு வெயில் மோசம், வடக்கு பார்த்து நிறுத்து" என்று எல்லா மாதத்துக்கும் ஒரே பதிலாகச் சொல்வார்கள். ஜூனில், ஹவாசுவில் அது பொருந்தாது.

அங்கே ஜூன் கடைசியில் உச்சிச் சூரியன் 79 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. உதிப்பதும் மறைவதும் நேர்க் கிழக்கு மேற்கிலிருந்து கிட்டத்தட்ட 29 டிகிரி வடக்கே தள்ளி. ஆகவே தெற்கு முகத்தில் நேர்வெயில் படுவது காலை 9 மணி சுமாருக்கும் மாலை 4 மணி சுமாருக்கும் இடையில்தான். அப்போதும் செங்குத்தாகச் சரிந்து விழுவதால் நிமிர்ந்த கண்ணாடி அதில் கொஞ்சமே வாங்கும். கொல்லுவது கிழக்கும் மேற்கும், அதிலும் மேற்கு. ஊரே சூடேறி நிற்கும் மூன்று மணிக்கு மேல் தாழ்ந்த வெயில் நேராக ஜன்னலில் அடிக்கும்.

அமெரிக்க வண்டிகளில் ஆனிங் (பக்கவாட்டில் விரித்துச் சுருட்டும் நிழல் பந்தல்) வலப்பக்கம். மூக்கைத் தெற்கே வைத்தால் வலப்பக்கம் மேற்கு ஆகிறது, ஆனிங் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. அதன் உருளைத் தண்டில் இருக்கும் காடியில் 90 வலைத்துணியைச் செருகித் தரையிலிருந்து ஓரடி மேலே வரை தொங்கவிடுங்கள். ஆனிங் மட்டும் இருந்தால் ஐந்து மணி வெயில் அதன் அடியில் நுழைந்துவிடும்.

உங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகையா? அப்படியானால் வெளிச்சுவரில் அதன் காற்றுத் துளை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தப் பக்கம் நிழலில்லாமல் மேற்கு பார்த்தால் ஃபிரிட்ஜ் குளிராது. ஏசியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது பால் கெட்டுவிடும்.

வெள்ளிமலை

இரண்டு பேரும் கூரையை விட்டுவிட்டீர்கள். 79 டிகிரி சூரியன் என்றால் நண்பகலில் முழு அடி வாங்குவது கூரைதான். 14-க்கு 14 இன்ச் வென்ட் (கூரையின் காற்றுத் திறப்பு) ஒவ்வொன்றும் 100 வாட் வரை உள்ளே விடும், குளியலறை ஸ்கைலைட் (கூரையில் வெளிச்சம் விடும் மூடி) இன்னும் அதிகம். வென்ட் துளைக்கென்றே 14 இன்ச் சதுர ஃபோம் தலையணை விற்கிறது, பளபளப்புப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கைலைட்டுக்கு வெளியே வலைத்துணி உறை.

இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஃபாயில் மேல் காட்டி "பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சி" என்று நம்பிவிடாதீர்கள். பளபளக்கும் பரப்பு தன் வெப்பத்தைச் சொல்லாது, எதிரே இருப்பதன் வெப்பத்தைத்தான் காட்டும். ஃபாயிலில் இரண்டு இன்ச் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்தால் உண்மை தெரியும்.

ஏசியைக் காலை ஏழு, எட்டு மணிக்கே ஓட விடுங்கள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மெத்தை, அலமாரி, தரை எல்லாம் சூடேறிய பிறகு மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினால் இருட்டும் வரை இறங்காது.

பாலைவழி

மூவருக்கும் நன்றி. ஃபாயிலை இன்றே கழற்றுகிறேன். வண்டியின் முகப்பில் துளை போட வீட்டில் சம்மதமில்லை. காந்தமோ ஒட்டும் பட்டனோ தாங்குமா?

தறிக்காரன்

சக்ஷன் கப் வேண்டவே வேண்டாம், சூட்டில் ரப்பர் இளகி, உள்ளே இருக்கும் துளிக் காற்றும் விரிந்து பிடி விட்டுவிடும். ஃபைபர் கிளாஸில் காந்தம் பிடிக்காது. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, துணியின் மடிப்பில் ஒன்று என்று வலுவான நியோடைமியம் காந்தங்களை ஜோடியாக வைத்தால் கண்ணாடியை நடுவில் வைத்து இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் துணியைக் கண்ணாடி அளவுக்குள் வெட்டுங்கள். காந்தத்தின் அடியில் மெல்லிய ஃபெல்ட் ஒட்டாவிட்டால் கீறல் விழும்.

ஒட்டும் பட்டன் என்றால் வி.ஹெச்.பி. டேப் (மிக வலுவான இருபக்க ஒட்டு டேப்) உள்ளது மட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மெழுகு முழுவதும் போகத் துடைத்து, காய்ந்ததும் அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் துணி மாட்டாமல் விடுங்கள். ஒட்டிய அன்றே இழுத்தவர்களுக்குத்தான் கழன்று வருகிறது. மேல் வரிசையில் மட்டும் இடைவெளியை 8 இன்ச்சாகக் குறைத்தால் எடை பரவும்.

தென்திசை

கிளம்பும் முன் ஒன்று. அரிசோனாவில் மழைக்காலக் கணக்கு ஜூன் 15-இலேயே தொடங்கிவிடும். நீங்கள் போகும் நாள்களில் மாலைப் புழுதிக்காற்று திடீரென்று வரலாம். ஆனிங்கில் தொங்கும் வலைத்துணி அப்போது பாய்மரம். ஆனிங் கையையே முறித்துவிடும். ஏரிக்குக் குளிக்கப் போகும்போது துணியை உருவி, ஆனிங்கைச் சுருட்டிவிட்டுப் போங்கள். முன் கண்ணாடித் துணி பட்டனில் இருந்தால் நிற்கும், காந்தத்தில் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.