எறும்பும் கூட்டமாகத்தான் வாழ்கிறது, யானையும்தான். அப்படியானால் மனிதன் எதில் வேறு?

கரும்பலகை:

ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். "மனிதன் ஒரு சமூக விலங்கு" என்று சொன்ன கையோடு பிள்ளைகள் கேட்பது, "எறும்பு, தேனீ, ஓநாய் எல்லாம் சமூக விலங்குதானே?" என்பது. நமக்கு ஆறறிவு என்று சொல்லிக் கடந்துபோக விருப்பமில்லை. கருவி, மொழி, உதவும் குணம் என்று அடுக்கினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு வந்து நிற்கிறது. சிம்பன்சி குச்சியை விட்டுக் கரையான் பிடிக்கிறது. ரத்தம் குடிக்கும் வௌவால் பட்டினி கிடக்கும் வௌவாலுக்குக் கக்கி ஊட்டுகிறது. உண்மையான வேறுபாடு எங்கே என்று ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியுமா? வகுப்பில் செய்து காட்டக்கூடியதாக ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பாடவேளை, 40 நிமிடம்.

செம்மந்தி:

பிள்ளைகள் கேட்பது சரியான கேள்வி. அந்த வரிக்குச் சொந்தக்காரரான அரிஸ்டாட்டிலே தேனீ, குளவி, எறும்பு, நாரை எல்லாவற்றையும் மனிதனோடு ஒரே வரிசையில்தான் வைத்தார். கூட்டமாக வாழ்வதை அளவுகோலாக எடுத்தால் நமக்குத் தனி இடம் கிடையாது. கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நல்ல தொடக்கம் கயிறு இழுக்கும் சோதனை. ஜப்பானிய ஆய்வாளர் ஹிராட்டா சிம்பன்சிகளுக்காக வடிவமைத்தது. கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பலகை, அதன் மேல் தீனி. பலகையில் உள்ள வளையங்கள் வழியாக ஒரே கயிறு ஓடும். அதன் இரண்டு நுனிகளும் இரண்டு பேர் முன்னால் கிடக்கும். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பலகை வரும். ஒருவர் மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும், தீனி அங்கேயே கிடக்கும்.

2011-இல் தாய்லாந்தின் லாம்பாங்கில் இதையே ஆசிய யானைகளுக்கு வைத்தார்கள். முதலில் வந்த யானை, ஜோடி யானை வரும்வரை 45 விநாடி வரைகூடக் கயிற்றைத் தொடாமல் காத்து நின்றது. இளம் யானை ஒன்று தன் பக்கத்து நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றது. கயிறு உருவாது, இழுக்கும் வேலையோ மற்ற யானைக்கு! சிம்பன்சிகளும் சளைத்தவை அல்ல. உகாண்டாவின் இங்காம்பா தீவில் நடந்த சோதனையில் (2006) இரண்டு பேர் தேவைப்படும்போது மட்டும் கதவைத் திறந்து துணையை அழைத்தன. இரண்டு துணைகளில் யார் நன்றாக இழுப்பார் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தன. ஆக, ஒத்துழைப்பு, துணை வேண்டும் என்ற புரிதல் இரண்டுமே நமக்கு மட்டும் உரியவை அல்ல.

தீனி வந்து சேர்ந்த பிறகுதான் வழி பிரிகிறது. சிம்பன்சிகளுக்குத் தீனியை ஒரே குவியலாக வைத்தால் வலியது அள்ளிக்கொள்ளும்; அடுத்த தடவை மற்றது கயிற்றைத் தொடாது. 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்ததைப் பாருங்கள். இரண்டு குழந்தைகள் சேர்ந்து இழுக்கிறார்கள், ஒருவருக்கு 3 கோலி, மற்றவருக்கு 1 வருகிறது. 3 கிடைத்த குழந்தை பெரும்பாலும் ஒன்றை எடுத்துக் கொடுத்து 2-2 ஆக்கியது. அதே 3-1 இழுக்காமலே சும்மா கிடைத்தபோது அப்படிக் கொடுத்தது மிகக் குறைவு. சிம்பன்சிகளிடம் சேர்ந்து இழுத்ததற்கும் சும்மா கிடைத்ததற்கும் வித்தியாசமே இல்லை. சேர்ந்து செய்த வேலையின் பலன் "நம்முடையது" என்ற கணக்கு மூன்று வயதிலேயே உள்ளே ஓடுகிறது. என்னைப் பொறுத்தவரை வேறுபாட்டின் வேர் இதுதான்.

புற்றுமண்:

எறும்பு, தேனீ பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஒரு தேன்கூட்டில் 20,000 முதல் 60,000 வேலைக்காரத் தேனீ வரை இருக்கும், எல்லாம் ஒரே ராணியின் மகள்கள். அவற்றின் தியாகத்துக்குக் காரணம் ரத்த உறவு. உயிரியலாளர் ஹாமில்டன் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். "முன்பின் தெரியாத லட்சக்கணக்கானவர்களோடு ஒத்துப்போவது மனிதன் மட்டும்தான்" என்று சிலர் எழுதுவார்கள். அதை அப்படியே வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். தெற்கு ஐரோப்பாக் கடற்கரையில் இத்தாலியிலிருந்து ஸ்பெயின் வரை சுமார் 6,000 கி.மீ. நீளத்துக்கு அர்ஜென்டினா எறும்புகள் ஒரே கூட்டமாக இருக்கின்றன. ஒரு கோடியில் பிடித்த எறும்பை மறுகோடியில் விட்டாலும் சண்டை வராது. உடம்பின் மேல் பூசிய மெழுகு வாசனை ஒத்துப்போனால் போதும், உள்ளே விட்டுவிடும். யாரோடு சேரலாம் என்பதை வாசனையே முடிவு செய்துவிடுகிறது. மனிதர்கள் அந்த விதிகளைத் தாங்களே உண்டாக்கி, சண்டை போட்டு, மாற்றியும் அமைக்கிறார்கள்.

கூழாங்கல்:

பிள்ளை வளர்ப்பை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சிம்பன்சித் தாய் முதல் சில மாதங்கள் குட்டியை வேறு யார் கையிலும் விடாது. பால் மறக்க நாலைந்து வருடம், அடுத்த குட்டிக்கு ஐந்தாறு வருட இடைவெளி. வேட்டையாடிச் சேகரித்து வாழும் மனிதர்களிடம் அந்த இடைவெளி மூன்று, நான்கு வருடம்தான். மூத்தது இன்னும் தானாகச் சாப்பாடு தேடத் தெரியாமல் இருக்கும்போதே அடுத்தது பிறந்துவிடுகிறது. ஒரு தாயால் தனியாகச் சமாளிக்க முடியாத கணக்கு இது. தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் பாட்டிகள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதை மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பல கைகளில் வளரும் குழந்தை, யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று படித்தே ஆக வேண்டும். சுமார் ஒரு வயதில் நிலாவைக் கைகாட்டிவிட்டு உடனே நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதே, அது எதையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை. "நீயும் பார்க்கிறாயா" என்று உறுதி செய்துகொள்கிறது.

கூட்டு வளர்ப்பு மனிதனுக்கு மட்டும் என்றும் எழுதிவிட வேண்டாம். மார்மோசெட் குரங்குகள் செய்கின்றன, யானைக் கூட்டத்தில் சித்திகள் செய்கிறார்கள். குட்டி போடும் வயது முடிந்த பிறகும் பல வருடம் வாழ்ந்து கூட்டத்துக்கு வழிகாட்டும் கிழவிகள் ஓர்கா திமிங்கிலங்களிலும் உண்டு.

இன்னொன்று, எதிரே இல்லாத ஆளோடும் உறவு வைத்திருப்பது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் ஜு-ஹொவான்சி மக்களிடம் 'ஹ்ஸாரோ' என்றொரு வழக்கம். தீக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணிச்சரத்தை ஒருவருக்குக் கொடுப்பார்கள். பதில் சீர் பல மாதம், சில சமயம் வருடங்கள் கழித்து வரும். கூட்டாளி 200 கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம். நம் பக்கம் மழை பொய்த்தால் அங்கே போய்த் தங்கலாம். வௌவால் நேற்று ஊட்டியவனுக்கு இன்று ஊட்டும், ஆனால் அது ஒரே மரப்பொந்துக்குள் பழகியவர்களுக்கிடையே நடப்பது.

எதிர்வாதி:

செம்மந்தி சொன்ன சோதனைகளின் மேல் உள்ள ஆட்சேபத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அறிவியல் எப்படி நடக்கிறது என்று தெரியும். 2007-இல் 105 குழந்தைகள், 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்களை வைத்து ஒரு பெரிய ஒப்பீடு வந்தது. இடம், எண்ணிக்கை, காரண காரியம் இவற்றில் இரண்டரை வயதுக் குழந்தையும் சிம்பன்சியும் ஏறக்குறையச் சமம். பிறரைப் பார்த்துக் கற்பது, கைகாட்டலைப் புரிந்துகொள்வது போன்றவற்றில் குழந்தைகளின் மதிப்பெண் மற்ற இரண்டு இனங்களைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் குழந்தைக்குச் சோதனை வைப்பது தன் இனத்து ஆள், பக்கத்தில் பெற்றோர். சிம்பன்சிக்கு எதிரே நிற்பது வேற்றினம். அதுவும் பெரும்பாலும் தாயை இழந்து காப்பகத்தில் வளர்ந்த சிம்பன்சி. காட்டுச் சிம்பன்சிகளை ஆராய்ந்த கிறிஸ்டோஃப் போஷ் இதைத்தான் வலியுறுத்தினார். ஐவரி கோஸ்ட்டின் 'தாயி' (Taï) என்ற காட்டில் சிம்பன்சிகள் குரங்கு வேட்டையில் விரட்டுபவன், மறிப்பவன், பதுங்கி நிற்பவன் என்று பிரிந்து நிற்பதையும், வேட்டைக்கு உழைத்தவனுக்குக் கறி அதிகம் போவதையும் அவர் பதிவு செய்தார். இல்லை, ஒவ்வொன்றும் தனக்கு வாய்ப்புள்ள இடத்தில்தான் போய் நிற்கிறது என்கிறார் அந்த 2007 ஒப்பீட்டைச் செய்தவர்களில் ஒருவரான டோமசெல்லோ. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

செம்மந்தி:

ஆட்சேபம் நியாயமானதே. கறிப் பங்கீட்டில் இன்னும் விவாதம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முடிவை வளர்ப்புச் சூழலைக் காட்டித் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். 2005-இல் ஹார்னர், வைட்டன் என்ற ஆய்வாளர்கள் செய்தது. பெட்டிக்கு மேலே ஒரு துளை, முன்னால் ஒரு கதவு. ஆய்வாளர் முதலில் மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவார், பிறகு கதவு வழியாகப் பரிசை எடுப்பார். பெட்டி கறுப்பாக இருந்தபோது சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. கண்ணாடி மாதிரிப் பெட்டி வைத்ததும் மேலே குத்துவது வீண், நடுவில் தடுப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு நேராகக் கதவுக்குப் போயின. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியிலும் மேலே குத்திவிட்டுத்தான் எடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சிம்பன்சிதான் புத்திசாலி. ஆனால் கசப்புக் கிழங்கை ஊறவைத்து நஞ்சு நீக்குவது போன்ற வேலையில் எந்தப் படி எதற்கு என்று செய்பவருக்கே தெரியாது; ஒரு படியை விட்டால் ஆபத்து. காரணம் புரியாவிட்டாலும் அப்படியே செய்யும் பழக்கம் இருப்பதால்தான் ஒரு தலைமுறை கண்டுபிடித்ததன் மேல் அடுத்த தலைமுறை கட்ட முடிகிறது.

தச்சுமேசை:

கயிற்றுச் சோதனையை வகுப்பில் செய்ய வழி சொல்கிறேன். 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் ஒரு மரப்பலகை. உங்களைப் பார்க்கும் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வளையத் திருகு. 3 மீட்டர் வழுவழுப்பான நைலான் கயிறு, 4 மி.மீ. தடிமன் போதும். இரண்டு வளையத்திலும் கோத்தால் பக்கத்துக்கு 1.2 மீட்டர் மிஞ்சும். நுனியில் முடிச்சுப் போடவே கூடாது. முடிச்சு வளையத்தில் சிக்கினால் ஒரே ஆள் இழுத்தாலும் பலகை வந்துவிடும், சோதனை செத்துவிடும். சணல் கயிறு வேண்டாம், உராய்வில் பலகையையும் இழுத்து வரும். நைலானிலும் பலகை நகர்ந்தால் மேலே இரண்டு செங்கல் வையுங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு பக்கம் மட்டும் இழுத்துப் பாருங்கள். பலகை அசையாமல் கயிறு முழுக்க உருவி வர வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். முதல் சுற்றில் பேசக் கூடாது, இரண்டாம் சுற்றில் பேசலாம். எண்ணாமல், "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லாமல் ஒரே நேரத்தில் இழுப்பது எவ்வளவு கஷ்டம், கண்ணும் தலையசைப்பும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அவர்களே பார்ப்பார்கள்.

3-1 பங்கீட்டை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் செய்து முடிவு சொல்லாதீர்கள். அந்த வயதில் நியாயம் எது என்று எல்லோருக்கும் தெரியும், ஆசிரியர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் பங்கிட்டுவிடுவார்கள்.

கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி. பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. பெற்றோர் அனுமதியோடு பங்கீட்டை அங்கே செய்யலாமா?

தச்சுமேசை:

செய்யலாம், மூன்று முதல் ஐந்து வயது பொருத்தம். கோலி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். பிளாஸ்டிக் வளையல் வையுங்கள். பாதி ஜோடிகளுக்கு இழுத்த பிறகு 3-1, மீதி ஜோடிகளுக்கு இழுக்காமலே 3-1. இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் எதையும் ஒப்பிட முடியாது. "பங்கு போட்டுக்கோங்க" என்று யாரும் சொல்லக் கூடாது, அங்கன்வாடி டீச்சரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வளையல்களை வைத்ததும் பெரியவர்கள் ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்லா ஜோடியும் முடிந்த பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் சமமாக வளையல் கொடுத்து அனுப்புங்கள். 1 கிடைத்த குழந்தை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.